தண்ணீர் வந்த வழி

பிப்ரவரி 26, திங்கள்

என் பெயர் இன்னாசி. வயது எழுபத்து நான்கு. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்கிறவன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ஜெசிந்தா இதை எழுதுகிறாள்.

நேற்று பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் ஊர்க் கமிட்டி கூடியது. என் மகன் பெனிஸ்டன் இறந்த விஷயம்தான். நவம்பர் பதினோராம் தேதி அவனும் கூட்டாளி ராயப்பனும் மீன்பிடிக்கப் போன படகு, மூன்று மணி நேர ஓட்டத்துக்கு அப்பால் தண்ணீர் ஏறிக் கவிழ்ந்தது. ராயப்பன் டீசல் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்து பிழைத்தான். பெனிஸ்டன் மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான்.

"அடியில பைபர் உரிஞ்சு படபடன்னு அடிச்சுது. பொறவு தண்ணி நிக்கவே இல்ல" என்றான் ராயப்பன். மரத்தின் மேல் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் பசையால் அந்தப் பைபரை ஒட்டியவன் கிளாட்வின். எங்கள் ஊர்க்காரன், பெனிஸ்டனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் நான் அவனைப் பார்த்துக் கை நீட்டி, "நீதாம்லே எம்மவனக் கொன்ன" என்றேன். அன்றிலிருந்து இந்தக் கரையில் எவனும் அவனுக்கு வேலை கொடுப்பதில்லை. "நான் ஒழுங்காத்தான் ஒட்டுனேன், மரத்துல என்னமோ இருந்துருக்கு" என்று நாலு மாதமாக அவனும் ஒரே பேச்சு.

கமிட்டித் தலைவர் மொராயிஸ் நேற்றுச் சொன்னார்: "பாஸ்குத் திருநாள் வருது. மனஸ்தாபத்த வச்சுக்கிட்டு யாரும் பூசையில நன்மை வாங்கப்புடாது. இன்னாசியண்ணே, படகு உம்ம வீட்டுப் படகு. மரமும் உமக்குத் தெரியும். தொறந்து பாரும். கண்டத தெனமும் எழுதி வையும். மார்ச் பதினேழு, ஞாயித்துக்கெழம, பூசைக்குப் பொறவு வாசிக்கணும். கிளாட்வின் தப்புன்னா அவன் குடும்பத்தோட இந்தக் கரைய விட்டுப் போயிரணும். இல்லன்னா அவன் பேர நீரே திருப்பிக் குடுக்கணும்."

ஜெசிந்தாவின் அண்ணன் ரெமிஜியூஸ் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தான். தங்கச்சியைக் கூட்டிப்போக வேண்டும் என்று மறுபடியும் ஆரம்பித்தான். "மாமாவ தனியா விட்டுட்டு வரமாட்டேன்" என்று அவள் மறுபடியும் சொன்னாள். இந்த வாக்கியத்தை எழுத அவளுக்கு இஷ்டமில்லை. எழுதத்தான் வேண்டும் என்றேன்.

படகைப் பிரித்துப் பார்த்துவிட்டு விறகுக்குப் போடப் போவதில்லை. பிரிப்பேன், பார்ப்பேன், திரும்பக் கட்டுவேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

கடலிலிருந்து இழுத்துவந்து போட்டிருந்த படகைப் பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒருபக்கமாகச் சாய்த்துப் போட்டோம். முப்பத்திரண்டு அடி, அயினி மரம். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் இது முதலில் தண்ணீர் தொட்டதை நான் பார்த்திருக்கிறேன். கச்சான் என்கிற மேல்காற்று அடங்கின மறுநாள். தஸ்நேவிஸ் என்பவர் கட்டினார். பச்சை வர்ணம். அவரிடமிருந்து பூபாலராயர் வாங்கிச் சிவப்பு அடித்தார். ஐந்து வருடம் முன்னால் பெனிஸ்டன் வாங்கி நீலம் அடித்தான். சுரண்டினால் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன.

அடியில் ஒட்டின பைபரில் பாதி கடலோடு போய்விட்டது. மீதி, விசிறி மாதிரி தொங்குகிறது. கையால் இழுத்தேன். வாழைமட்டை உரிகிறது போல வந்துவிட்டது. ஒட்டினது இப்படியா வரும்? நன்றாக எழுதிக்கொள், இப்படியா வரும் என்று.

படகுக்கு நாங்கள் காலங்காலமாக மத்தி மீன் எண்ணெய்தான் குடிக்கக் கொடுப்போம். எண்ணெய் இல்லாமல் வெயிலில் கிடந்தால் மரம் வாய் பிளந்துவிடும். பெனிஸ்டன் பைபர் ஒட்டப்போகிறேன் என்றபோது, "ஒரு மாசம் மரம் காயணும்ப்பா. எண்ணெய்க் கையோட கிட்ட வந்துராதீங்க" என்றான். அந்த மாதம் முழுக்க வெளிப்பக்கத்தில் நான் ஒரு சொட்டு எண்ணெய் தடவவில்லை. அதையும் எழுதச் சொன்னேன்.

பிப்ரவரி 28, புதன்

காற்று. ஜெசிந்தா மிளகாய் காயப்போட்டு, மணல் பறந்ததால் திரும்ப அள்ளினாள்.

பிப்ரவரி 29, வியாழன்

சிமெண்டு!

இடது பக்கம் நாலாவது பலகையில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. அதில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றியிருக்க வேண்டும். வீடு கட்டுகிற சிமெண்டைக் குழைத்துப் பூசி மேலே சிவப்பு அடித்து மறைத்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் பூபாலராயர். மரம் தண்ணீரில் ஊறும், வெயிலில் சுருங்கும். சிமெண்டு அசையாது. உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினேன், ரொட்டி மாதிரி கழன்று விழுந்தது. அதற்குப் பின்னால் இருந்த மரத்தில் என் விரல் போகிறது.

"இதுனாலதானா மாமா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"பொறு, இன்னும் இருக்கு" என்றேன்.

மார்ச் 2, சனி

இன்ஜினை இறக்கினோம். ராயப்பன் கூட வந்தான். உப்பு பூத்துக் கிடக்கிறது. கழற்றி ஒவ்வொரு சாமானாக மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம்.

இன்ஜின் உட்காரும் கட்டைக்கு அடியில் இருந்தது என்ன தெரியுமா? செருப்பு. ரப்பர்ச் செருப்பை நறுக்கி, ஒரு மூலைக்கு ஒன்றாக நாலு துண்டு வைத்திருக்கிறார்கள், ஆட்டம் தெரியாமல் இருக்க. ஒரு துண்டில் பெருவிரல் தேய்ந்த பள்ளம்கூட இருக்கிறது. நாலு மாதத்துக்குப் பிறகு ஜெசிந்தா சிரித்தாள். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மார்ச் 4, திங்கள்

உள்ளே வங்குகளை, அதாவது படகின் விலா எலும்புகளை, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஏழாவது வங்கு சத்தம் மாறியது. மேலே பூசியிருந்ததைச் சுரண்டினால் அது அயினி இல்லை, வேம்பு. கதவு நிலைக் கட்டை. கீல் பதிக்கச் செதுக்கின இடம் அப்படியே இருக்கிறது. பச்சை வர்ணத்துக்கும் அடியில் இருக்கிறது, ஆகையால் இது தஸ்நேவிஸ் கைங்கரியம். மகராசன், எந்த வீட்டு வாசலைப் பெயர்த்துக் கடலுக்கு அனுப்பினாரோ!

மார்ச் 5, செவ்வாய்

பூபாலராயர் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைவிட ஐந்து வயது இளையவர். பைக்கை நிறுத்தாமலே சத்தம் போட்டார்.

"ஓய் இன்னாசி! என் பேர நோட்டுல ஏத்துதீராமே?"

"சிமெண்டு பூசுனவன் பேர ஏத்தாம, கொத்தனார் பேரயா ஏத்துவாவ?"

"ஆமாவே, பூசுனேன். செருப்பு வச்சதும் நான்தான். என் பழைய செருப்புதான். அதுக்கென்ன இப்ப? எட்டு வருசம் அந்தச் சிமெண்ட வச்சிக்கிட்டு மீன் புடிச்சேன். தெனமும் நாலு வாளி தண்ணி எறைப்பேன், வீடு வந்து சேருவேன். என் சிமெண்டுல ஒருத்தன் சாவல வே!"

இதைச் சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. பைக்கை விட்டு இறங்கி வந்தார். ஜெசிந்தாவைப் பார்த்து, "மன்னிச்சிக்கோ தாயி" என்றார். உரித்துப் போட்டிருந்த பைபர்த் துண்டு ஒன்றை எடுத்து உள்பக்கத்தில் பெருவிரலை ஓட்டினார். மூக்குக்குக் கொண்டுபோனார். என்னைப் பார்த்தார்.

"என்னவே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. வாறேன்" என்று போய்விட்டார். டீகூடக் குடிக்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

பின்பக்கம், இன்ஜினின் காற்றாடித் தண்டு வெளியே வருகிற இடத்தில் தகரம். எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, தார்க் காகிதம் வைத்து, இரும்பு ஆணி அடித்திருக்கிறது. செம்பு ஆணி அடிக்க வேண்டிய இடம். ஆணி துருவாகி மரத்தைத் தின்றுவிட்டது. பதினொரு ஆணி. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். இது யார் அடித்தது என்று வர்ணத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ராயப்பன் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னான். "கேன் ஒண்ணுதான் பெரியவரே காலியா இருந்துச்சு. அத என் இடுப்புல கட்டிவிட்டான். எனக்குப் புள்ளைய ரெண்டு இருக்குன்னு. 'நான் சட்டைய வச்சு அடைச்சிருவேன், நீ பயப்புடாத'ன்னு உள்ள குனிஞ்சான். பொறவு அல ஒண்ணு தூக்குச்சு."

ஜெசிந்தா பக்கத்தில் பஞ்சு திரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

சட்டையை வைத்து அடைக்கிற அளவுக்கு எந்த இடம் திறந்தது? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பைபர் போட்டால் பலகை இணைப்புக்குப் பஞ்சு வேண்டாம் என்று பெனிஸ்டன் பழைய பஞ்சையெல்லாம் எடுத்துவிட்டான். ஆகையால் பைபர் போனால் இணைப்பு எல்லாம் வெறும் வாய்தான். எல்லாம் பைபரில் வந்து நிற்கிறது. பைபர் ஏன் போயிற்று?

மார்ச் 9, சனி

புதுப் பலகை இரண்டு வந்தது. நல்ல மரம்.

மார்ச் 11, திங்கள்

படகை நிமிர்த்தி உருளைக் கட்டைகள் மேல் ஏற்றினோம். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. கரையிலேயே படகுக்குள் தண்ணீர் ஊற்றி, வெளியே வந்து குனிந்து பார்த்தால் போதும். உள்ளே இருந்து வெளியே வருகிற வழியாகத்தான் வெளியே இருந்து உள்ளே போயிருக்கும்.

பெரிய ஓட்டைகளைக் களிமண் வைத்து அடைத்துவிட்டு ஐம்பது குடம். ஜெசிந்தாவும் சுமந்தாள். அரை மணி நேரத்தில் அடிப்பலகையின் கீழே வியர்க்க ஆரம்பித்தது. முதலில் சிறு சிறு முத்து. பிறகு சொட்டு. மணலில் விழுந்த இடத்தில் வெயில் பட்டதும் புறாக்கழுத்து நிறத்தில் மின்னியது.

"மாமா, இது என்ன, பளபளன்னு?"

"டீசல்" என்றேன். இன்ஜின் இருந்த படகு, டீசல் இருக்கும்.

"இன்ஜின் பின்னாலல்ல இருந்துச்சு? இது முன்பக்கம்லா?"

டீசல்தான் என்று எழுதச் சொன்னேன்.

மார்ச் 12, செவ்வாய்

இன்று வேலை ஓடவில்லை.

மார்ச் 13, புதன்

இன்றும் இல்லை. ஜெசிந்தா கஞ்சி கொண்டுவந்தாள். பசியில்லை என்றேன்.

மார்ச் 14, வியாழன்

கிளாட்வின் இரண்டு வாரமாகத் தினமும் ஐஸ் கம்பெனிச் சுவர் ஓரமாக வந்து நிற்கிறான். கமிட்டி போட்ட எல்லை அதுதான். அதைத் தாண்டி அவன் கரைக்கு வரக்கூடாது. இன்று நானே அங்கே போனேன். மெலிந்துவிட்டான். கையில் ரெசின் பட்ட தழும்புகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

"என்ன பெரியப்பா, கண்டுபுடிச்சிட்டியளா?" என்றான்.

"நீ ஒட்டும்போது மரம் எப்புடி இருந்துச்சு?"

"காஞ்ச மரம். கிரைண்டர் போட்டு வெள்ள வெளேர்னு எடுத்தேன். தின்னர் வச்சுத் தொடச்சேன். வெளிய ஒரு பொட்டு இல்ல. பெனிஸ்டனே தொட்டுப் பாத்து 'சூப்பர்லே'ன்னான்." பிறகு சொன்னான். "என் பொண்டாட்டிக்கு இப்ப கொழாயில கடைசியாத்தான் தண்ணி புடிக்க விடுதாவ. அது பரவால்ல. பெனிஸ்டன் அம்மாகிட்ட நான் சின்னதுல இட்டிலிக்குப் போவேன். அந்த வீட்டு ஆளு என்னயப் பாத்துக் கொன்னேன்னு சொல்லிட்டாவளே. அதான் பெரியப்பா தூக்கம் வரமாட்டேங்கு."

நான் திரும்பி வந்தேன். வெயில் அதிகம்.

மார்ச் 15, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போனேன். பாதியில் வந்துவிட்டேன். முழங்கால் வலி.

"நாளக்கழிச்சு வாசிக்கணும் மாமா. முடிவா என்ன எழுத?" என்று ஜெசிந்தா கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 16, சனி

மாமா நிறையச் சொன்னார்கள். நான் எழுதவில்லை.
ஜெசிந்தா.

அரிசி. மண்ணெண்ணெய். உளுந்து அரைக் கிலோ. சவுக்காரம் இரண்டு. மாமாவுக்கு இருமல் டானிக். தீப்பெட்டி. மாமாவுக்கு முழங்காலுக்குத் தைலம். அரிசி. அரிசி.

மார்ச் 18, திங்கள்

இன்றிலிருந்து எழுதுவது கிளாட்வின். நான்தான் அவனைக் கூப்பிட்டேன். வந்தான். முதலில் பழைய பக்கங்களை எல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினான். சனிக்கிழமைப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டான். "வாசிலே" என்றேன். வாசித்தான். அன்றைக்கு நான் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்கப் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. நான் அவள் எழுதுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

பூசை முடிந்து முற்றத்தில் நூறு பேருக்கு மேல். பெண்கள் வேப்பமரத்தடியில். கிளாட்வினும் அவன் மனைவியும் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். ரெமிஜியூஸ் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். ஜெசிந்தா எழுந்து வாசித்தாள். சிமெண்டுக்குச் சிலர் முணுமுணுத்தார்கள். செருப்புக்குச் சிரித்தார்கள். பூபாலராயர் தலையைக் குனிந்துகொண்டார். கதவு நிலை, தகரம், பதினொரு ஆணி, ராயப்பன் சொன்னது. மணலில் சொட்டினது டீசல் என்பது வரை வாசித்தாள். பிறகு நோட்டை மூடினாள்.

"அவ்வளவுதான்."

மொராயிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ மரம் பூராவும் கெட்ட மரம். கெட்ட மரத்துல பைபர் நிக்காதுன்னு பைபர்க்காரனுக்குத் தெரிஞ்சிருக்கணும். மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. பெறகு தப்பு யார் மேல?"

"கேட்டியளா?" என்று ரெமிஜியூஸ் எழுந்தான். "அவன் சாமான அள்ளிக்கிட்டு இன்னைக்கே போவட்டும்."

கேட்டுக்கு வெளியே கிளாட்வினின் மனைவி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்து நின்றேன். "ஏம்மா ஜெசிந்தா, இன்னொரு பக்கம் இருக்குல்லா?"

"இல்ல மாமா. அவ்வளவுதான்."

"நேத்து சொன்னேனே."

"இல்ல மாமா." என் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். "உக்காருங்க மாமா. உங்களுக்கு முழங்கால் வலி."

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் என் வாயிலிருந்து போன ஒரு சொல்லும் எனக்கு மறந்ததில்லை. சனிக்கிழமை சொன்னதை, சொன்ன வரிசையிலேயே சொன்னேன்.

"செப்டம்பர்ல படகு உருளையில நிமிந்து கெடந்துச்சு. எம்மவன் எண்ணெய் தொடாதீங்கன்னு சொல்லிட்டு பைபர் பாய் வாங்க தூத்துக்குடிக்குப் போனான். சரக்கு வர பத்து நாளாயிட்டு. வெயில்ல மரம் வெடிச்சிருமோன்னு எனக்குப் பயம். வெளிய தொட்டாத்தான தப்பு, உள்ள தொட்டா என்னன்னு நெனச்சேன். ஒன்பது நாள். நவநாள் ஜெபம் மாதிரி. வெடியக்காலம் போயி உள்பக்கம் பூரா மத்தி எண்ணெய் தடவுனேன். ஒரு பலகைக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. அவன் பத்திரமா போயிட்டு வரணும்னு. ரெண்டு டின் குடிச்சுது. அவன்கிட்ட சொல்லல. சொன்னா ஏசுவான். உள்ள தடவுன எண்ணெய் மரத்துக்குள்ளயே எறங்கி எறங்கி, ரெண்டு மாசத்துல வெளிய வந்து பைபரத் தள்ளிட்டு. மணல்ல மின்னுனது டீசல் இல்ல. நாக்குல வச்சுப் பாத்தேன். மத்தி. நாலு மாசமா கிளாட்வினச் சொன்னேன். பூபாலராயரச் சொன்னேன். தஸ்நேவிஸச் சொன்னேன். அவுங்க ஒட்டுப்போட்டத வச்சுக்கிட்டு இருபத்தெட்டு வருசம் ஆளு பொழச்சுது. கடைசி ஒட்டு என் கை. கிளாட்வின் பேர நான் திருப்பிக் குடுத்துட்டேன்."

அப்புறம் ரெமிஜியூஸின் அம்மா வேப்பமரத்தடியில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அவர்கள் ஆட்டோ கூப்பிட்டு வந்தபோது ஜெசிந்தா அடுப்படியில் இருந்தாள். பெட்டி ஒன்று, பெனிஸ்டன் படம் ஒன்று. வாசலில் என் முன்னால் நின்றாள்.

"எங்கண்ணன் இனி இந்த வீட்டுல இருக்கவுடமாட்டான்னு தெரிஞ்சுதான் மாமா எழுதல. எனக்கு சொட்டு பாத்த அன்னைக்கே தெரியும். ஒரு பொய்க்குள்ள நம்ம ரெண்டு பேரும் இருந்துருக்கலாம்."

"கிளாட்வின் போயிருப்பானேம்மா."

"தெரியும்." பெட்டியைக் கை மாற்றினாள். "அவன் போயிருந்தா நான் நரகத்துக்குத்தான் போவேன். ஆனா இந்த வீட்டுலேர்ந்து போயிருப்பேன் மாமா."

ரெமிஜியூஸ் ஆரன் அடித்தான். அவள் போனாள்.

மார்ச் 20, புதன்

கிளாட்வின் வேலைக்கு வந்தான். எண்ணெய் குடித்த மரத்தில் இனிப் பைபர் ஒட்டாது என்றான். இது மரப்படகாகவே இருக்கட்டும், பஞ்சு திணித்துக் குங்கிலியம் ஊற்றி முடிப்போம் என்றான். ஏழாவது வங்குக்கு அயினி அறுத்துப் பொருத்தினோம். அவனுக்கு உளி பிடிக்கத் தெரியவில்லை. அவனை ஏசினேன். பிறகு ஏசினதற்கு வருத்தப்பட்டேன்.

மார்ச் 23, சனி

பஞ்சு வேலை முடிந்தது. இரண்டு ஆள் வேலை. உள்ளே ஒருவன், வெளியே ஒருவன். நான் தட்டுகிற இடத்தில் அவன் தட்ட வேண்டும். ஒரு பலகையில் தட்டித் தட்டிப் போய்க்கொண்டிருக்கும்போது கிளாட்வின் உள்ளேயிருந்து, "பெரியப்பா, அழுதியளா?" என்றான். இல்லையென்றேன். அதை எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். எழுதிவிட்டான்.

மார்ச் 25, திங்கள்

மரத்துக்கு எண்ணெய் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் திணித்த பஞ்செல்லாம் வெளியே வரும். டின்னைத் திறந்து துணியை நனைத்து என்னிடம் நீட்டினான். கை போகவில்லை. அவனையே தடவச் சொன்னேன். நான் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, எங்கே எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 26, செவ்வாய்

இன்ஜின் ஓடியது. புதுக் கட்டை மேல் உட்கார்த்தியிருக்கிறோம்.

படகு தயார். ஆனால் இறக்க முடியாது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண் படகின் முன்முனையான அணியத்தில் கை வைத்த பிறகுதான் ஆண்கள் படகைத் தள்ளுவார்கள். என் தாய் வைத்தாள், என் மனைவி வைத்தாள். பெனிஸ்டன் இதை வாங்கினபோது ஜெசிந்தா வைத்தாள். சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்து இறக்கிவிடலாம் என்று மொராயிஸ் சொல்கிறார். வேண்டாம் என்றேன். படகு அவளுடையது, அவள் கை வைத்தால்தான் இறங்கும் என்று ராயப்பனிடம் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 28, பெரிய வியாழன்

ராயப்பன் போய் வந்தான். அவளைப் பார்க்க விடவில்லையாம். வாசலில் வைத்தே சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

யாரும் கடலுக்குப் போகவில்லை.

மார்ச் 31, பாஸ்கு ஞாயிறு

நன்மை, அதாவது நற்கருணை, வாங்கப் போகிற வரிசையில் கிளாட்வின் நின்றான். நான் வாங்கவில்லை. பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். ஏன் என்று அவன் கேட்டான். நாலு மாதம் ஒரு ஆள் மேல் சொன்ன பொய்யைச் சாமியாரிடம் சொல்லி இறக்கிவிட்டேன். ஒன்பது நாளை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் ஜெபம்தானே சொன்னேன்.

ஏப்ரல் 3, புதன்

காலை எட்டு மணி இருக்கும். ஆட்டோ ஒன்று ரோட்டில் வந்து நின்றது. ரெமிஜியூஸ் இறங்கவில்லை. ஜெசிந்தா மட்டும் இறங்கி மணலில் நடந்து வந்தாள். செருப்பை ரோட்டோரம் கழற்றிப் போட்டிருந்தாள். வெள்ளைச் சேலை.

என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. படகைச் சுற்றி ஒருமுறை வந்தாள். நாலாவது பலகை, தகரம் இருந்த இடம், எல்லாவற்றையும் பார்த்தாள். அணியத்துக்கு வந்து இரண்டு கையையும் மரத்தின்மேல் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றாள். நெற்றியை மரத்தில் சாய்ப்பாள் என்று நினைத்தேன். சாய்க்கவில்லை. உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் ஒட்டியிருந்தது. சேலையில் துடைக்காமல் அப்படியே கையை விரித்துப் பிடித்துக்கொண்டு விலகி ரோட்டை நோக்கி நடந்தாள்.

இருபது பேர் தோள் கொடுத்தார்கள். உருளைகள் முனகின. ராயப்பனும் கிளாட்வினும் ஏறிக்கொண்டார்கள். முதல் அலை அணியத்தைத் தூக்கியது, இரண்டாவதில் படகு மிதந்தது. கரையில் பெண்கள் குலவையிட்டார்கள்.

இதை எழுதுகிற கிளாட்வின் அப்போது படகுக்குள் முழங்காலிட்டு, அடிப்பலகை முழுக்கக் கையால் தடவிப் பார்த்திருக்கிறான். எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கரையைப் பார்த்துக் கத்தினான்.

"பெரியப்பா! ஒரு சொட்டு இல்ல பெரியப்பா! ஒரு சொட்டு இல்ல!"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.